கணிப்பொறிக்கு ஒரு பேழை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. சென்றால் மண்டகப்பட்டு என்னும் சிற்றூரை அடையலாம். ஊர்ப்புறத்துப் பாறையொன்றைக் குடைந்து, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் சமைத்த கோயில் அங்கே இன்றும் நிற்கின்றது. முகப்பில் இரு தூண்கள். அவற்றின் இரு புறத்தும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். இரு கோடியிலும் வாயில் காவலர் இருவர். உள்ளே பின்சுவரில் மூன்று சிற்றறைகள்.  அயன், அரன், அரி என்னும் மூவர்க்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இதனை ஆக்கினான் என்றும், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எவையும் இதற்கு வேண்டப்படவில்லை என்றும் அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறும். தான் இட்டவற்றைச் சொல்லாது, இடாது விட்டவற்றை எண்ணிச் சொல்லி ஓர் அரசன் பெருமை கொண்டமை எமக்குப் பெரிதும் புதுமையாயிருந்தது.

யாம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் பதினால்வர், 2025 ஜனவரியில், பொங்கல் விடுமுறை கழிந்தபின் அவ்விடம் சென்றோம். கல்வெட்டைக் கண்டு வருதல் மட்டும் எம் நோக்கமன்று. ஒரு தூணை அடுத்தடுத்த கோணங்களினின்று, ஒரு படத்தில் விழுந்த பகுதியிற் பெரும்பங்கு அடுத்த படத்திலும் விழுமாறு, பல நூறு படங்களாக எடுத்துக் கணிப்பொறியில் இட்டால், அப்பொறி படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தூணின் முழு வடிவையும் திரையில் கட்டித் தரும். பின்வரும் மாணவர் வகுப்பறையில் இருந்தபடியே அதனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். இதற்கென மெஷ்ரூம் என்னும் செயலி விலையின்றியே கிடைக்கின்றது. ஆயின் அச்செயலிக்கு விலை இல்லையெனினும் அஃது உண்ணும் உணவுக்கு விலை உண்டு. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வேண்டும். பொறி பல மணி நேரம் இடையறாது முழு ஆற்றலோடு உழைத்தல் வேண்டும். எம்முள் ஒருவருடைய மடிக்கணினியில் 640 படங்களை இட்டுத் தொடங்கினோம். ஆறு மணி நேரம் இரைந்துவிட்டு அது வாளா நின்றது.

ஆதலின் மேசைக் கணிப்பொறி ஒன்றை உதிரிப் பகுதிகளாக வாங்கி யாமே பூட்டுவது எனத் துணிந்தோம். தமிழ்ச் சங்கத்தில் இருந்த சிறு தொகையும், எம் கைப்பணமும், ஆசிரியர் சிலர் மனமுவந்து அளித்ததும் சேர்ந்து ரூ. 52,000 ஆயிற்று. பிராசசர் எது, மதர்போர்டு எது என்பனவற்றில் யாவரும் ஒருவாறு உடன்பட்டோம். எமக்கு அவற்றைப் பற்றி மிகுதியாகத் தெரியாமையே அவ்வுடன்பாட்டிற்குக் காரணம் என இப்போது தோன்றுகின்றது. அனைத்தையும் உள்ளடக்கும் பெட்டியைப் பற்றிய பேச்சு எழுந்தபோதுதான் சங்கம் இரண்டாயிற்று. பெட்டி கண்ணுக்குத் தெரிவதன்றோ? கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் எவர்? ஒரு சாரார், முன்முகம் முழுதும் கண்ணாடியாய், உள்ளே நான்கு விசிறிகள் வானவில்லின் நிறங்களிற் சுழல்வதாய் உள்ள பெட்டியே வேண்டும் என்றனர். மற்றொரு சாரார், பெட்டிக்குப் பணம் செலவிடுவதே வீண்; எது மிக மலிவோ அதனை வாங்குக என்றனர். இரு சாராரும் தவறினர் என்பதே எம் கருத்து. அக்கருத்தை அன்று சங்கத்திற் கூற முயன்று பாதியே கூற முடிந்தமையின், எஞ்சிய பாதியை ஈண்டு எழுதுகின்றோம்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். கடைத்தெருவில் இதனைக் கேபினெட் என்பர். வீடுகளிலும் அலுவலகங்களிலுமோ பெட்டி முழுவதையும் 'சி.பி.யு.' என்றே வழங்குவர். சி.பி.யு. என்பது உள்ளே இருக்கும், தீப்பெட்டியினும் சிறிதாய சில்லு ஒன்றின் பெயர். பாலை அடுப்பினின்று இறக்கு என்னுமிடத்துப் பால் என்னும் சொல் பாலுள்ள கலத்தை உணர்த்துதல் போல, உள்ளிருக்கும் பொருளின் பெயர் அதனைத் தாங்கும் கலத்திற்கு ஆகி வந்தது. இலக்கண நூலார் இதனைத் தானியாகுபெயர் என்பர். ஆகவே பொதுமக்கள் வழக்கை நகைப்பதற்கு இடமில்லை. நகைப்பவரே நன்னூலை மறந்தவராவர். எமக்கு மட்டும் ஒரு பெயர் தெரிவு செய்யும் உரிமை அளித்தால் பேழை என்போம். மறைநூலைத் தமிழிற் படித்து வளர்ந்தார்க்கு அச்சொல்லைக் கேட்டவுடன் நீளமும் அகலமும் உயரமும் முழக்கணக்கில் வரையறுக்கப்பட்டு, காற்றும் ஒளியும் புக வழியும் வைக்கப்பெற்ற கலம் ஒன்று நினைவுக்கு வரும். உள்ளிருப்பவை உயிரோடிருத்தல் வேண்டும் என்பதற்காகவே அந்த அளவுகளெல்லாம்.

நிற்க. கண்ணாடிமுகப் பெட்டியை எதிர்த்து யாம் பேசியதற்குக் கடைக்காரர் கூற்றோ புத்தக அறிவோ காரணமன்று. எம் நண்பர் ஒருவர் திண்டிவனத்தை அடுத்த கிராமத்தைச் சேர்ந்தவர். தட்டச்சு வேலை செய்து கட்டணம் கட்டலாம் என்னும் எண்ணத்தோடு 2024 தொடக்கத்தில் ஒரு கணிப்பொறி வாங்கினார். அதற்காக அவருடைய அன்னையார் காதுத் தோட்டை அடகு வைத்தார். கடைக்காரர், பெட்டி வாங்கினால் 450 வாட் பவர் சப்ளை இலவசம் என்றார். பெட்டியோ முன்னே கண்ணாடி, பக்கத்தே கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு. ஊரார் வந்து பார்த்துச் சென்றனர். பங்குனி வரையில் இடரொன்றும் இல்லை. கத்திரி வெயில் தொடங்கியதும் பொறி பிற்பகலில் மந்தமாயிற்று. ஒரு பக்கம் அடித்து முடிக்குமுன் இருமுறை தானே நின்றது. வைரஸ் என்றார் ஒருவர். மின்னழுத்தம் குறைவு என்றார் மற்றொருவர். யாம் சென்று பார்த்தபோது அறையின் வெப்பம் 37 பாகை. பிராசசரின் வெப்பம் 96 பாகை. ஒன்றும் தெரியாத நிலையில், உள்ளே என்னதான் இருக்கின்றது எனக் காண்பதற்காகப் பக்கக் கதவைக் கழற்றி வைத்தோம். கால் மணி நேரத்தில் 96 என்பது 81 ஆயிற்று. பொறிக்கு நோய் இல்லை; மூச்சுத்தான் இல்லை.

அக்கதவைக் கழற்றியபடியே நண்பர் பொறியைப் பயன்படுத்தி வந்தார். மே மாத இறுதியில் ஒரு நாள் இலவசமாக வந்த பவர் சப்ளை வெடித்தது. அது தனியே போகவில்லை. மதர்போர்டையும் உடன் கொண்டு சென்றது. தோடு இன்னும் மீளவில்லை.

இந்நிகழ்ச்சியின் காரணத்தை ஆராய்வோம். கணிப்பொறி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. பிராசசரின்மேல் அமைந்த விசிறியும் உலோகத் தகடுகளும் அவ்வெப்பத்தை வாங்கிப் பெட்டிக்குள் உள்ள காற்றிற் சேர்க்குமேயன்றி அழித்துவிடா. பெட்டிக்குள் இருக்கும் காற்று 10 பாகை ஏறினால் பிராசசரின் வெப்பமும் ஏறத்தாழ அந்த அளவே ஏறும். 100 பாகையை நெருங்கும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதுவும் போதாதாயின் பொறி நின்றுவிடும். குளிர்நாட்டில் அறையின் வெப்பம் 20 பாகையாய் இருக்கும்போது எப்பெட்டியும் ஒருவாறு ஏற்கும். அத்தகைய நாட்டில் இருந்து ஒருவர் எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு, 38 பாகையில் வேகும் விழுப்புரத்தில் அதே பெட்டியை வாங்குவது அறியாமை. நம் நாட்டில் முதற் பதினைந்து இருபது பாகையை வெயிலே எடுத்துக்கொள்கின்றது. எஞ்சியதைத்தான் பொறிக்கு விட்டுவைக்கின்றது.

எனவே குறைந்த பணத்தோடு செல்பவர் பெட்டியின் முன்முகத்தை முதலிற் காண்க. முன்முகம் நுண்துளைகள் நிறைந்த இரும்பு வலையாயிருத்தல் வேண்டும். கண்ணாடிமுகப் பெட்டிகளில் கண்ணாடிக்கும் உடலுக்கும் இடையே விரல் நுழையாத கீற்று ஒன்றை விட்டுவிட்டு, அதன் பின்னே மூன்று விசிறிகளை நிறுத்துவர். வாயை மூடிக்கொண்டு மூக்கின் ஒரு துளையால் ஓடுபவனுக்கும் அவ்விசிறிகளுக்கும் வேற்றுமை இல்லை. முன்னே இருந்து காற்றை உள்ளிழுக்க 120 மி.மீ. விசிறி இரண்டும், பின்னே வெப்பக் காற்றை வெளியேற்ற ஒன்றும் இருப்பின் எம்போன்றார்க்குப் போதும். 140 மி.மீ. விசிறி கிடைத்தால் இன்னும் நன்று; பெரிய விசிறி மெல்லச் சுழன்றே அதே காற்றைத் தரும், இரைச்சலும் குறையும். உள்ளே வரும் காற்று வெளியே செல்வதினும் சற்று மிகுதியாயிருத்தல் நலம். இல்லாவிடில் பெட்டியிலுள்ள இண்டு இடுக்குகளிலெல்லாம் புழுதி உள்ளிழுக்கப்படும். வலையின் பின்னே கழற்றிக் கழுவத்தக்க தூசுத் திரை இருக்கின்றதா எனவும் காண்க. மாதம் ஒருமுறை அதனைக் கழுவுவார் எவரும் இலர் என்பது எமக்குத் தெரியும். ஆயினும் இருத்தல் நன்று.

அழகு வேண்டாவோ என நண்பர் கேட்டனர். நியாயமான கேள்வி, எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. ஏழை மாணவன் வாங்கும் பொருள் எப்போதும் சாம்பல் நிறமாய்த்தான் இருக்க வேண்டும் என்பது செல்வர் வகுத்த விதி போலும்! நண்பருடைய அன்னையார் அப்பெட்டியின் விளக்கைக் கண்டு மகிழ்ந்ததை யாம் நேரிற் கண்டோம். அம்மகிழ்ச்சியைப் பொய் என்று சொல்லும் துணிவு எமக்கில்லை. மண்டகப்பட்டிலும் அரசன் நான்கு பொருள்களை நீக்கினானேயன்றி அழகை நீக்கவில்லை. சிற்பி வாயில் காவலர் இருவரை எவ்வளவு வனப்போடு செதுக்கியுள்ளான்! ஆனால் அவர்களை எங்கே நிறுத்தினான் என்பதைக் கவனித்தல் வேண்டும். முகப்பின் இரு கோடியிலும் நிறுத்தினான், நடுவழியில் நிறுத்தவில்லை. ஒளியும் காற்றும் மக்களும் தடையின்றி உள்ளே செல்கின்றனர். கண்ணாடி விரும்புவோர் பக்கக் கதவில் வைத்துக்கொள்ளட்டும். அப்பக்கத்தால் காற்றுக்குப் பெரிய வேலை இல்லை. முன்முகத்தில் மட்டும் வேண்டா. பக்கக் கண்ணாடியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பதப்படுத்திய கண்ணாடி நடுவிற் பட்ட அடியைத் தாங்கும். அதன் மூலையொன்று சிமெண்டுத் தரையிலோ ஓட்டுத் தரையிலோ இடித்தால் முழுதும் நொடியில் உப்புக்கற்களாய் உதிரும். மின்தொடர் வண்டியில் நின்றுகொண்டு கொண்டுவரும் பெட்டிக்கு இரும்புக் கதவே ஏற்றது.

இனி அளவு. சந்தையில் பெரியது, நடுத்தரமானது, சிறியது என மூவகைக் கோபுரங்கள் உள. கோபுரம் என்பது எம் கற்பனையன்று. வணிகர் டவர் என்றே அழைப்பர். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பொறியின் பெட்டி மேசைமீது படுத்திருந்தது. திரை அதன் முதுகில் அமர்ந்திருந்தது. பின்னரே பெட்டி எழுந்து நின்றது. நடுத்தரக் கோபுரம் பெரும்பாலும் 40 முதல் 50 செ.மீ. வரை உயரமுடையது. இன்டெல் நிறுவனம் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவையின்படி அமைந்த, 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் உள்ள மதர்போர்டு அதில் அடங்கும், 244 மி.மீ. சதுரமாகிய மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகையும் அடங்கும். மலிவான பலகைகள் பெரும்பாலும் இரண்டாம் வகையின. அப்படியாயின் சிறிய பெட்டியே போதாதோ எனின், இன்றைக்குப் போதும். முப்பது ஆண்டுகளாக இவ்வளவை மாறவில்லை என்பதை நினைவிற் கொள்க. பிராசசர் நாலைந்தாண்டில் பழையதாகும், அதனோடு மதர்போர்டும் போகும், நினைவகமும் போகும். பெட்டி மட்டும் மூன்று தலைமுறைப் பொறிகளைத் தன்னுள் வைத்து வழியனுப்பும். இத்தனை காலம் உழைப்பதை எல்லாவற்றினும் மலிவாக வாங்குக என்பாருடைய கணக்கு எமக்கு விளங்கவில்லை. எல்லாவற்றினும் பகட்டாக வாங்குக என்பாருடைய கணக்கும் அவ்வாறே.

பெட்டியின் பெயர்ச்சீட்டில் இரண்டு எண்களைப் பார்த்தல் இன்றியமையாதது. ஒன்று, எவ்வளவு நீளமுள்ள கிராபிக்ஸ் கார்டு அதனுள் செல்லும் என்பது. இக்காலத்துக் கார்டுகள் 200 மி.மீ. முதல் 330 மி.மீ. வரையும் அதற்கு மேலும் நீள்கின்றன. மற்றொன்று, பிராசசரின்மேல் நிற்கும் குளிர்விப்பானுக்கு எத்துணை உயரம் இடமுண்டு என்பது. 120 மி.மீ. விசிறி பூட்டிய குளிர்விப்பான் ஏறக்குறைய 155 மி.மீ. உயரும், ஆகவே 160க்குக் குறையாமல் இடம் வேண்டும். பிராசசரோடு வரும் சிறு குளிர்விப்பானே போதும் என்பார்க்கு இக்கவலை இல்லை.

பெட்டியோடு இலவசமாக வரும் பவர் சப்ளையைப் பற்றி மேலே கூறினோம். இதில் எமக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது. அதனை இலவசமாகக் கொடுத்தாலும் பெறற்க. ஒட்டியுள்ள தாளில் 450 வாட் என அச்சிடுவதற்கு அச்சுக்கூலி தவிர வேறு செலவில்லை. பெட்டியை வெறும் பெட்டியாக வாங்கி, 80 பிளஸ் முத்திரை பெற்ற பவர் சப்ளையைத் தனியே வாங்குக. இதனாற் பெட்டிக்கு ஒதுக்கிய பணம் குறைந்தாலும் குறைக.

பலர் அறியாது பெட்டியின்மேற் சுமத்தும் ஒரு பழியையும் ஈண்டுத் துடைத்தல் வேண்டும். இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல் மின்சாரம் தாக்குகின்றது; ஆகவே இப்பெட்டி ஆகாது என்பர். விடுதியில் பாதிப் பேர் இதனைக் கூறக் கேட்டிருக்கின்றோம். குற்றம் பெட்டியினதன்று, சுவரினது. பவர் சப்ளையினுள் இரைச்சல் மின்னலைகளை வடிக்க அமைத்த சிறு உறுப்புகள் வழியே மிகச் சிறிதளவு மின்சாரம் பெட்டியின் உடலுக்குக் கசியும். அது நிலத்திற்குள் இறங்கவே மூன்றாவது முள் உள்ளது. சுவரிலுள்ள மூன்றாவது துளையின் பின்னே கம்பியே இல்லாவிடில், அல்லது இருமுள் இணைப்பானில் செருகினால், அம்மின்சாரம் நம் விரலைத் தேடி வருகின்றது. மின்பணியாளரை அழைத்து நிலக்கம்பியைச் சரிசெய்வித்தலே மருந்து. பெட்டியைத் துணியால் மூடி வைத்தவர் ஒருவரை யாம் அறிவோம். காற்றும் போயிற்று, கசிவும் போகவில்லை.

இரும்பின் தரத்தை அறிய எளிய வழிகள் உண்டு. கதவின் நடுவே பெருவிரலால் அழுத்துக. எண்ணெய் டின்னைப் போல் உள்வாங்கி ஓசையிட்டால் தகடு மெல்லியது. பெட்டியை எதிரெதிர் மூலைகளிற் பிடித்துச் சற்று முறுக்கிப் பார்க்க. நெளியுமாயின் அதனுள் பூட்டும் மதர்போர்டும் நெளியும். உள்ளோரங்களை மெல்லத் தடவுக. மடித்து அமுக்கிய ஓரம் விரலை ஒன்றும் செய்யாது, வெட்டியபடியே விட்ட ஓரம் கத்தியாகும். எம் வகுப்பினர் மூவர் விரலில் இன்றும் வடு உண்டு. பின்புறத்தில் கார்டுகளுக்கென விட்ட நீண்ட துளைகளை மூடும் தகடுகள் திருகாணியாற் பிணைக்கப்பட்டனவா, ஒடித்து எறியும் வகையினவா என்பதையும் காண்க. ஒடித்தது ஒடித்ததே; மீண்டும் மூட வழியில்லை. நகரத்தார் இதனைப் பொருட்படுத்தார். நம் விடுதிகளில் அத்துளை பல்லிக்கு வாயில். வெதுவெதுப்பும் இருளும் உள்ள இடத்தைப் பல்லி விட்டுவைக்குமா? உயிருள்ள மின்பகுதிகளின் குறுக்கே அது படுத்துறங்கிய கதையை விடுதித் தோழர்கள் வேண்டிய அளவு கூறுவர்.

பெட்டியை வைக்கும் இடமும் தேர்தலின் ஒரு பகுதியே. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது மயிலத்தில் மட்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. விழுப்புரம் மாவட்டத்து வீடுகள் பலவற்றில் வெள்ளம் புகுந்தது. மேசைக்கடியில் தரையில் நின்ற பெட்டிகள் என்னவாயின எனக் கூற வேண்டுவதில்லை. மேசைமேல் நிற்க வைக்கும் எண்ணமுடையோர் மேசையின் அகலத்தை அளந்துகொண்டு கடைக்குச் செல்க.

கடை என்றது, எம் போன்றார்க்குச் சென்னை ரிச்சி தெருதான். அண்ணா சாலையை ஒட்டிய அச்சிறு தெருவிலும் அடுத்துள்ள நரசிங்கபுரம் தெரு முதலியவற்றிலும் கிடைக்காத உதிரிப் பகுதி இல்லை. இணைய வழியிலும் வாங்கலாம்; சிலபோது விலை குறைவாகவும் இருக்கும். ஆயின் பெருவிரலால் அழுத்திப் பார்க்க இணையம் இடங்கொடாது. யாம் மூவர் ஒரு சனிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கி நடந்து சென்றோம். கையில் அளவுநாடா ஒன்றும், எண்கள் எழுதிய தாள் ஒன்றும் இருந்தன. ஒன்பது கடைகள் ஏறி இறங்கினோம். ரூ. 2,000க்குக் கீழ் உள்ளவை யாவும் டின்னோசை இட்டன. ரூ. 2,500 முதல் 4,000 வரை உள்ளவற்றில் நல்லதும் தீயதும் கலந்திருந்தன. விலையை வைத்து வேறுபடுத்தல் இயலாது. ரூ. 3,900 சொன்ன கண்ணாடிமுகப் பெட்டியைவிட ரூ. 2,800 சொன்ன வலைமுகப் பெட்டியின் தகடு தடித்திருந்தது. நான்கு விளக்கு விசிறிகளுக்கு யார் பணம் கொடுக்கின்றார் என்பது அப்போது தெளிவாயிற்று. அவ்விசிறிகளிலும், மதர்போர்டில் இணைத்து வேகத்தை ஆளத்தக்கவை சிலவே. ஏனையவை பவர் சப்ளையிலேயே நேரே செருகி, இரவும் பகலும் ஒரே வேகத்தில் அலறுபவை. விசிறியை எண்ணுவதினும் விசிறியின் கம்பி எங்கே செல்கின்றது எனக் காண்பது மேல்.

அளவுநாடாவைக் கண்ட கடைக்காரர் ஒருவர், "தம்பிகளா, பெட்டிக்குப் பெண் பார்க்க வந்தீர்களா?" என்று நகைத்தார். நகைத்தவரே பின்னர்ப் பரணிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கித் திறந்து காட்டினார். அவற்றுள் ஒன்று வலைமுகமும் இரும்புக் கதவும் உடையது. முன்னே இரண்டு, பின்னே ஒன்று என மூன்று விசிறிகள். கார்டுக்கு 320 மி.மீ., குளிர்விப்பானுக்கு 163 மி.மீ. இடம்; பின்னே கம்பிகளை மறைக்க இரு விரற்கடை இடைவெளி. விளக்கு ஒன்றேனும் இல்லை, விலை ரூ. 3,100. அதனையே கொண்டுவந்தோம். வலைமுகத்தில் மாக்கோலம் இடலாம் எனக் கண்ணாடிக் கட்சித் தோழி ஒருவர் கூறினார். துளைகள் அடையாதவரையில் எமக்குத் தடையில்லை.

ரூ. 3,100உம் இல்லாதார் என் செய்வது? இதனைப் பழைய மாணவர் படிக்க வேண்டுகின்றோம். ஏ.டி.எக்ஸ். அளவையின்படி அமைந்த பழைய பெட்டி எவர் வீட்டுப் பரணிலேனும் கிடக்குமாயின், அது பதினைந்து ஆண்டுப் பழமையுடையதாயினும் இன்றைய மதர்போர்டு அதில் அமரும். பழைய பெட்டிகளின் தகடு இன்றைய மலிவுப் பெட்டிகளினும் தடித்தது. அவற்றில் முன்விசிறிக்கு இடம் குறைவாயிருக்கும், புதிய யு.எஸ்.பி. துளைகள் இரா. முன்முகத்து நெகிழியை அறுத்து வலை பொருத்தத் தெரிந்தவர் கொல்லுப்பட்டறையில் உளர். ஆனால் பெருநிறுவனங்கள் அலுவலகங்களுக்கெனச் செய்து விற்ற பொறிகளின் பெட்டியை மட்டும் நம்பற்க. அவற்றுட் பலவற்றில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்நிறுவனத்தின் தனி அளவின. பிறிதொன்று உள்ளே பொருந்தாது. திண்டிவனத்து நண்பருக்கு இப்போது தேவைப்படுவது அத்தகைய பழைய பெட்டியன்று, பொது அளவையின்படி அமைந்த ஒன்று. கண்ணாடிப் பெட்டியை அவர் விற்றுவிட்டார். வைத்திருப்போர் தமிழ்த்துறைக்குத் தெரிவிப்பின் யாமே வந்து எடுத்துக்கொள்வோம்.

எம் பொறி தமிழ்த்துறை அறையில், சன்னலுக்கு எதிர்ப்புறத்து மேசைமேல் நிற்கின்றது. மே மாதப் பிற்பகலொன்றில் அறை 36 பாகையாய் இருக்கையில் 640 படங்களையும் இட்டு ஓட்டினோம். பதினொரு மணி நேரம் ஓடிற்று. பிராசசர் 78 பாகையைத் தாண்டவில்லை. தூண்கள் இரண்டும், காவலர் இருவரும் திரையில் எழுந்தனர். காவலருள் ஒருவரின் தோள்வரை சுற்றிப் பார்க்கலாம். மூன்று சிற்றறைகள் மட்டும் கருங்குழிகளாய் வந்துள்ளன. உள்ளே ஒளி போதாமையால் படங்கள் ஒன்றோடொன்று இணையவில்லை. வரும் ஜனவரியில் தக்க இசைவு பெற்று, விளக்கோடு மீண்டும் செல்லக் கருதியுள்ளோம். அப்படங்களை வைக்க இன்னொரு வன்தட்டு வேண்டும். பெட்டியில் அதற்கு இரண்டு இடங்கள் ஒழிந்து கிடக்கின்றன.